"டவுட்" என்று கேட்பது தப்பா? சந்தேகம், ஐயம், கேள்வி: ஒரு நீண்ட இழை

செங்கோட்டையான்

வணக்கம். மகள் எம்.எஸ்ஸி. படிக்க வரும் செப்டம்பரில் இங்கிலாந்து போகிறாள். வெளிநாடு போகிறவர்களுக்கென்று நடக்கும் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்த்திருக்கிறோம். அங்கே முதல் நாளே, "டவுட் என்கிற வார்த்தையை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், அது இந்தியர்கள் செய்யும் தப்பு" என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து குழம்பிப்போய் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் டவுட், கல்லூரியில் டவுட், டியூஷனில் ஞாயிற்றுக்கிழமை டவுட் கிளாஸ். இத்தனை வருஷம் எல்லோரும் சொன்ன வார்த்தை எப்படித் தப்பாகும்? அதற்கு உண்மையில் என்ன பொருள், எங்கே சொல்லலாம், எங்கே கூடாது, பதிலுக்கு என்ன சொல்வது? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள், அவளும் படிப்பாள்.

தரமணி ராகவி

அங்கிள், வகுப்பில் சொன்னதில் பாதி சரி. தப்பு என்று சொல்லமாட்டேன், ஆனால் அங்கே இருப்பவர் காதில் வேறு மாதிரி விழும்.

எங்கள் டீமில் நடந்ததைச் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்த பையன், லண்டனில் இருக்கும் வாடிக்கையாளரோடு பேசும்போது "ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் எஸ்டிமேட்" என்று ஆரம்பித்தான். வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று அவர்கள் கொடுத்த கணக்கில் டெஸ்டிங்கும் சேர்த்தியா என்பதுதான் அவன் கேட்க வந்தது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் அந்த அம்மா, "எந்த எண் சரியில்லை என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். குரலே மாறிவிட்டது. "உங்கள் கணக்கை நான் நம்பவில்லை" என்று அவன் சொன்னதாகத்தான் அவருக்குக் கேட்டிருக்கிறது. எங்கள் மேனேஜர் குறுக்கே வந்து, அவர் விவரம்தான் கேட்கிறார் என்று சொன்ன பிறகே பேச்சு பழைய நிலைக்கு வந்தது.

மணப்பாறை டீச்சர்

நான் மேல்நிலை வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். இதைப் பற்றிப் பிள்ளைகளிடம் நிறையப் பேசியிருக்கிறேன்.

பிரிட்டிஷ், அமெரிக்க ஆங்கிலத்தில் டவுட் என்பது முதலில் மனநிலை. ஒன்று உண்மைதானா, நடக்குமா, நம்பலாமா என்று உறுதி இல்லாமல் இருப்பது. அது உள்ளே இருக்கும், வெளியே கேட்பதற்கான பொருள் அல்ல. கேட்கப்படுவது கேள்வி, அதாவது குவெஸ்ச்சன். அதனால்தான் "ஆஸ்க் எ டவுட்" என்றால் அவர்களுக்கு வாக்கியமே நிற்காது.

நமக்கு ஏன் நிற்கிறது? தமிழில் நாம் சந்தேகத்தையே கேட்கிறோம். "சார்கிட்ட ஒரு சந்தேகம் கேட்கணும்", "சந்தேகம் தீர்ந்ததா?" என்பதெல்லாம் பிழையே இல்லாத நல்ல தமிழ். மலையாளத்துப் பிள்ளைகளும் சம்சயம் சோதிக்கிறார்கள், அதாவது சந்தேகம் கேட்கிறார்கள். இந்த வாக்கியத்துக்குள் சந்தேகத்தைத் தூக்கிவிட்டு டவுட்டை உட்காரவைத்தோம். கேட்கிறது, தீர்க்கிறது, கிளியர் பண்ணுகிறது எல்லாம் தமிழ் வினைகள்தான், மேலே ஆங்கிலச் சட்டை. நாம் மட்டும் இப்படி இல்லை. ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் வகுப்பில் கை தூக்கி "தெங்கோ உனா தூதா" என்பார்கள். நேரடியாகப் பார்த்தால் "எனக்கு ஒரு டவுட்" என்பதேதான், அங்கே அது இயல்பான பேச்சு.

இந்தப் பொருள் ஆங்கிலத்துக்கே அந்நியம் என்றும் சொல்லிவிட முடியாது. 1611இல் வந்த ஆங்கில பைபிளில், தானியேல் புத்தகம் 5ஆம் அதிகாரத்தில், தானியேலின் திறமைகளை அரசி வரிசையாகச் சொல்லும்போது "டிசால்விங் ஆஃப் டவுட்ஸ்" என்று வருகிறது. விளங்காத சிக்கல்களை அவிழ்ப்பவன் என்று பொருள். அங்கே டவுட் என்பது மனநிலை இல்லை, தீர்க்க வேண்டிய ஒரு விஷயம். நம் டவுட் கிளாஸ் அதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. எனவே "இந்தியத் தப்பு" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்ட பயிற்சியாளரோடு எனக்கு உடன்பாடில்லை. இந்திய ஆங்கிலத்தில் அதற்கு ஒரு பொருள் நிலைத்துவிட்டது, பிரிட்டனில் அந்தப் பொருள் இன்று வழக்கில் இல்லை. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் போதும்.

அசல் மதராசி

டீச்சர் சொன்னதுக்கு அப்புறம் பேச என்ன இருக்கு? கோடிக்கணக்கான பேர் சொல்ற பொருளை அவங்க கத்துக்கட்டும். அமெரிக்கர்கள் பிஸ்கட்டுக்கு வேற பொருள் வச்சிருக்காங்க, அதை யாரும் தப்புன்னு சொல்றதில்லையே. நாம மட்டும் ஏன் ஒவ்வொரு சொல்லுக்கும் மன்னிப்புக் கேட்கணும்?

தரமணி ராகவி

மதராசி அண்ணா, மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. பிஸ்கட் மாறிப்போனால் தட்டில் வேறு பலகாரம் வரும், அவ்வளவுதான். டவுட் மாறிப்போனால் எதிரில் இருப்பவர் தன் வேலையையே நாம் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்கிறார். அந்தப் பெண் முதல் வாரமே தன் பேராசிரியருக்கு அப்படி ஒரு மெயில் போட்டால், அதை விளக்கிச் சொல்ல நாம் பக்கத்தில் இருக்கப்போவதில்லை.

முத்தியால்பேட்டைக்காரன்

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். டவுட் ஆங்கிலத்துக்கு வந்ததே பழைய பிரெஞ்சிலிருந்துதான். அதற்கும் மூலம் லத்தீனில் துபிதாரே. இரண்டு என்ற பொருள் உள்ள துவோவோடு உறவுள்ள சொல் அது. இரண்டு பக்கமும் மனம் ஆடுவதுதான் அடிப்படை. ஜெர்மனிலும் அப்படியே: சந்தேகத்துக்குச் சொல் ட்ஸ்வைஃபெல், இரண்டுக்கு ட்ஸ்வை.

இன்றைய பிரெஞ்சில் "சான் தூத்" என்று ஒரு தொடர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "சந்தேகம் இல்லாமல்". ஆனால் பேச்சில் அதற்கு "அநேகமாக" என்றுதான் பொருள்! நிச்சயமாக என்று சொல்ல, நடுவில் இன்னொரு சொல் சேர்த்து "சான் ஸோக்கன் தூத்" என்று அழுத்த வேண்டும். ஆங்கில "நோ டவுட்"டும் இதே குணம் உடையது. "நோ டவுட் ஹி இஸ் பிஸி" என்றால் "வேலையாக இருப்பார்போல" என்று ஊகிப்பதுதான். உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் "விதவுட் எ டவுட்". நம்மவர்கள் இரண்டையும் "சந்தேகமே இல்லை" என்று ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம்.

கிளை வக்கீல்

இந்தச் சொல்லோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் நான். மதுரையில் குற்றவியல் வழக்குகள் நடத்துகிறேன். கேள்வி, டவுட் குழப்பத்தைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த இழை முடியக்கூடாது.

தமிழில் சந்தேகம் என்ற ஒரே சொல்லுக்குள் ஆங்கிலத்தின் இரண்டு சொற்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று டவுட், இன்னொன்று சஸ்பிஷன். இவை ஒரே பொருளுடையவை அல்ல, பல இடங்களில் நேர் எதிர்.

செய்தித்தாளில் இரண்டு வாக்கியங்கள் பார்த்திருப்பீர்கள். "சந்தேகத்தின் பேரில் இருவரைப் பிடித்து விசாரித்தனர்." "சந்தேகத்தின் பலனை அளித்து இருவரையும் நீதிபதி விடுதலை செய்தார்." இருவரும் அதே ஆட்கள், வழக்கும் அதே வழக்கு. முதல் வாக்கியத்தில் இருக்கும் சந்தேகம் சஸ்பிஷன்: இவன் செய்திருப்பான் என்ற நினைப்பு. அது ஆளை உள்ளே இழுக்கிறது. இரண்டாவதில் இருப்பது டவுட்: இவன்தான் செய்தானா என்ற உறுதியின்மை. அது ஆளை வெளியே விடுகிறது. இழுத்த கயிறுக்கும் அவிழ்த்த கைக்கும் நாம் ஒரே பெயர் வைத்திருக்கிறோம்.

குற்ற வழக்கில் அரசுத் தரப்பு நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாதபடி குற்றத்தை நிரூபிக்க வேண்டும். சொத்து, பணம் போன்ற உரிமையியல் வழக்குகளில் அவ்வளவு வேண்டாம், எந்தப் பக்கம் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று எடை பார்த்தால் போதும். "நியாயமான" என்ற அடைமொழியும் முக்கியம். கற்பனையில் எதை வேண்டுமானாலும் சந்தேகிக்கலாம், அதற்குப் பலன் கிடையாது. சாட்சியத்தைப் படித்துப் பார்த்த விவரமுள்ள ஒருவருக்குக் காரணத்தோடு எழும் சந்தேகமாக இருக்க வேண்டும்.

உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருப்பது: சஸ்பிஷன் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அது நிரூபணத்தின் இடத்தைப் பிடிக்க முடியாது. இதைத் தமிழில் என் கட்சிக்காரருக்கு எப்படிச் சொல்வது? "சந்தேகம் எவ்வளவு இருந்தாலும் தண்டிக்க முடியாது, சந்தேகம் இருந்தால் விட்டுவிட வேண்டும்" என்றால் அவர் என்னைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார். அதனால் முதல் சந்தேகத்துக்கு "ஐயுறவு" என்றோ "இவன்தான் என்ற நினைப்பு" என்றோ பிரித்துச் சொல்கிறேன். காவல்துறைக் குறிப்பில் "சந்தேக மரணம்" என்று எழுதுகிறார்களே, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174ஆம் பிரிவு, அதன் இடத்தில் இப்போது இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194ஆம் பிரிவு, அங்கே இருப்பதும் சஸ்பிஷன் வகைதான்.

தங்கைக்கு இதில் பாடம் இதுதான். "ஐ டவுட் ஹி டுக் த மணி" என்றால் அவன் எடுத்திருக்கமாட்டான் என்று நினைக்கிறேன் என்று பொருள். "ஐ சஸ்பெக்ட் ஹி டுக் த மணி" என்றால் அவன்தான் எடுத்திருப்பான் என்று நினைக்கிறேன். "எனக்கு அவன்மேல சந்தேகம்" என்று மனதில் நினைத்துக்கொண்டு முதல் வாக்கியத்தைச் சொன்னால், சொல்ல வந்ததற்கு நேர் எதிரானது வெளியே வரும்.

நெல்லியடி

வக்கீல் அண்ணை சொன்னது எங்களுக்குக் கொஞ்சம் லேசு. யாழ்ப்பாணத்தில "ஐமிச்சம்" எண்டு ஒரு சொல் இருக்கு. "அவனில எனக்கு ஐமிச்சமாக் கிடக்கு" எண்டு சொன்னால் ஆள்மேல நம்பிக்கை இல்லை எண்டதுதான் முதலில வரும். பள்ளிக்கூடத்தில வாத்தியாரிட்டக் கேக்கிறது சந்தேகம்தான். அம்மம்மா காலத்துச் சொல், இப்ப பிள்ளையளின்ர வாயில குறைஞ்சுகொண்டு போகுது.

கிளாஸ்கோ நர்ஸ்

அவள் இங்கிலாந்தோடு நிற்காமல் ஸ்காட்லாந்துப் பக்கம் வந்தால் இன்னொரு திருப்பம் இருக்கிறது. இங்கே வயதானவர்கள் "ஐ டவுட் இட்ஸ் புரோக்கன்" என்றால் "உடையவில்லை என்று நினைக்கிறேன்" என்று அர்த்தம் இல்லை. "உடைந்துதான் இருக்கும்போல, பயமாக இருக்கிறது" என்று அர்த்தம்! மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி இப்படிச் சொன்னபோது, பக்கத்தில் இருந்த சீனியர் நர்ஸ்தான் எனக்கு விளக்கினார். எக்ஸ்ரேயில் பார்த்தால் பாட்டி சொன்னபடியே முறிவு. வானத்தைப் பார்த்து "ஐ டவுட் இட்ஸ் கோயிங் டு ரெயின்" என்றால் குடையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

மணப்பாறை டீச்சர்

நர்ஸ் அம்மா சொன்னது அருமை. அது பழைய ஆங்கிலப் பொருள், ஸ்காட்லாந்தில் தங்கிவிட்டது. ஒரு காலத்தில் டவுட்டுக்கு அச்சம் என்ற பொருளும் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ், "இப்படி ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறேன்" என்பதற்கு டவுட் என்றே எழுதுவார். பிரெஞ்சு வழியாக வந்த "ரிடவுட்டபிள்" என்ற சொல்லில் இன்னும் அந்த அச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரிடவுட்டபிள் எதிரி என்றால் அஞ்சத்தக்க எதிரி. அதில் ஐயம் ஒரு துளியும் இல்லை.

பிளஸ்டூ பையன்

டீச்சர், எனக்கு ஒரு டவுட் (இங்க சொல்லலாம்ல!). அந்தச் சொல்லுல பி (b) எழுத்து எதுக்கு? உச்சரிக்கவே இல்லையே.

மணப்பாறை டீச்சர்

தாராளமாகக் கேள், இங்கே எல்லோருக்கும் புரியும். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்த எழுத்து கிடையாது, பி இல்லாமல்தான் எழுதினார்கள். பின்னால் வந்த படித்தவர்கள், லத்தீன் மூலத்தில் பி இருக்கிறதே, எழுத்திலாவது அதைக் காட்டுவோம் என்று செருகினார்கள். கடனைக் குறிக்கும் டெட் என்ற சொல்லிலும் அதே கதை. வாய் மட்டும் பழைய வழியிலேயே போனது. ஷேக்ஸ்பியரின் லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட் நாடகத்தில் ஹாலஃபெர்னீஸ் என்று ஒரு பள்ளி ஆசிரியர் வருவார். இந்த இரண்டு சொற்களிலும் ஜனங்கள் பி-யை விட்டுவிட்டு உச்சரிக்கிறார்கள் என்று பொருமுவார். 1598இல் அச்சான நாடகம். அவர் ஆசை இன்றுவரை நிறைவேறவில்லை.

குடந்தைப் புலவர்

தமிழ்ப் பக்கத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். நன்னூலில் பவணந்தியார் வினாவை ஆறாகப் பிரிக்கிறார்: அறிவு, அறியாமை, ஐயுறல், கொளல், கொடை, ஏவல். விடை தெரிந்துகொண்டே ஆசிரியர் மாணவனைக் கேட்பது அறிவினா. தெரியாமல் மாணவன் ஆசிரியரைக் கேட்பது அறியா வினா. இரண்டில் எது என்று தெளிவில்லாமல் கேட்பது ஐய வினா. இதற்கு உரைகாரர்கள் சொல்லும் எடுத்துக்காட்டு "குற்றியோ மகனோ". மங்கிய வெளிச்சத்தில் தூரத்தில் ஏதோ நிற்கிறது. மரக்கட்டையா, மனிதனா? மகன் என்பது இங்கே ஆள் என்ற பொருளில் வருகிறது. முத்தியால்பேட்டைத் தம்பி சொன்ன "இரண்டு" இங்கேயும் இருக்கிறது பாருங்கள்.

ஆக, ஐயத்தையும் வினாவையும் ஒரு கூரைக்குள் வைப்பது நமக்குப் பழைய பழக்கம். ஆனால் இலக்கணம் இரண்டையும் ஒன்றாக்கிவிடவில்லை. வகுப்பில் நாம் டவுட் என்று கேட்பதில் பெரும்பாலானவை அறியா வினாதான், ஐய வினா கொஞ்சம்தான். "இந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது?" என்பதில் ஐயம் எங்கே இருக்கிறது? தெரியாது, அதனால் கேட்கிறான். "இதற்குப் பெருக்க வேண்டுமா, வகுக்க வேண்டுமா?" என்பதுதான் ஐயம். ஆங்கிலத்தில் எழுதும்போது இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொண்டால் பெண்ணுக்கு உதவும். அறியா வினா என்றால் குவெஸ்ச்சன். ஐய வினா என்றால் "ஐ ஆம் நாட் ஷ்யூர் வெதர்" என்று தொடங்கலாம்.

வக்கீல் பிரித்த இரண்டும் குறளில் உண்டு. "ஐயத்தின் நீங்கித் தெளிந்தார்க்கு" என்று 353ஆம் குறளில் வருவது அறிவு சார்ந்த ஐயம். "தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்" என்று 510இல் வருவது ஆள் மேல் வைக்கும் சந்தேகம். ஆராயாமல் ஒருவனை நம்புவதும், ஆராய்ந்து நம்பியவனைப் பிறகு சந்தேகிப்பதும் தீராத துன்பம் தரும் என்கிறார். அவர் ஐயுறவு என்று எழுதிய இடத்தில் வக்கீலும் அதே சொல்லைப் பிடித்தது எனக்கு மகிழ்ச்சி.

செங்கோட்டையான்

எல்லோருக்கும் நன்றி. மகள் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறாள். டவுட்டுக்குப் பக்கத்துச் சொற்கள் அகராதியில் வரிசையாகக் கிடக்கின்றன, ஆனால் எதை எங்கே போடுவது என்று அகராதி சொல்வதில்லை என்கிறாள். டீச்சர் அதையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

மணப்பாறை டீச்சர்

சொல்கிறேன், எல்லாவற்றையும் அல்ல. அவளுக்குப் பயன்படக்கூடியதை மட்டும்.

அலுவலக விவரம், கட்டணம், படிவம் இதற்கெல்லாம் குவெரி. டெண்டர் ஆவணங்களில்கூட அந்தச் சொல்தான். பாடத்தில் சொன்ன ஒன்று விளங்கவில்லை என்றால் கிளாரிஃபிகேஷன் கேட்கலாம், கொஞ்சம் சம்பிரதாயமாக ஒலிக்கும். சும்மா பேச்சில் குவெஸ்ச்சன் போதும், அதைவிட எளிதான சொல் இல்லை.

மனதுக்குள் இருக்கும் தயக்கத்துக்குத்தான் நுட்பமான சொற்கள் உண்டு. ஒரு திட்டம் சரியாக வராது என்று உள்ளே ஏதோ உறுத்துகிறது, காரணம் இன்னும் கையில் சிக்கவில்லை, அது மிஸ்கிவிங்ஸ். செய்வது நியாயமா என்று மனச்சாட்சி குத்தினால் குவாம்ஸ். ஒரு கருத்தைப் பொதுவாக ஏற்கிறேன், சில இடங்களில் மட்டும் இடிக்கிறது என்று மரியாதையாகச் சொல்ல ரிசர்வேஷன்ஸ். நம் ஊரில் அந்தச் சொல் காதில் விழுந்தால் ரயில் டிக்கெட்டும் இடஒதுக்கீடும்தான் நினைவுக்கு வரும். அங்கே கருத்தரங்கில் ஒரு பேராசிரியர் "ஐ ஹேவ் சம் ரிசர்வேஷன்ஸ்" என்றால், நாசூக்காக மறுக்கிறார் என்று புரிந்துகொள்ள வேண்டும். ஆதாரம் கொடுத்தால்தான் ஏற்பேன் என்று நிற்பது ஸ்கெப்டிகல். உயிர்த்தெழுந்த இயேசுவின் ஆணித் தழும்பில் விரலை வைத்துப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற தோமையாரை வைத்து, அப்படிப்பட்டவரை டவுட்டிங் தாமஸ் என்பார்கள். நம் பரங்கிமலைக்குப் பெயர் கொடுத்த தோமையார்தான்.

டவுட்ஃபுல், டியூபியஸ் இரண்டையும் மாற்றிப் போடாமல் இருப்பது நல்லது. காயம்பட்ட பந்துவீச்சாளர் நாளை ஆடுவது டவுட்ஃபுல், அதாவது உறுதியில்லை. அவர் பந்துவீசும் விதமே டியூபியஸ் என்றால் நேர்மையைத் தொட்டுப் பேசுகிறோம். கிரிக்கெட் என்றதும் எல்லோருக்கும் தெரிந்த பெனிஃபிட் ஆஃப் த டவுட் நினைவுக்கு வரும். நடுவருக்கு உறுதி இல்லையென்றால் மட்டை பிடிப்பவருக்குச் சாதகம். வக்கீல் சொன்னதும் இதுவும் ஒரே தொடர்தான். அன்றாடப் பேச்சிலும் "கிவ் ஹெர் த பெனிஃபிட் ஆஃப் த டவுட்" என்றால், தப்பாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு வாய்ப்புக் கொடு என்று பொருள்.

செங்கோட்டையான்

மகள் பேராசிரியருக்கு அனுப்ப எழுதி வைத்திருக்கும் மெயிலில் முதல் வரி இது: "ஐ ஹேவ் சம் டவுட்ஸ் இன் யுவர் மெதட், கைண்ட்லி கிளியர்." அவர் எழுதிய கட்டுரையில் மண் மாதிரிகளை எந்த ஆழத்தில் எடுத்தார்கள் என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியது. இதை எப்படி மாற்றுவது?

தரமணி ராகவி

நல்லவேளை, இன்னும் அனுப்பவில்லை! இது அவருக்கு "உங்கள் ஆய்வு முறையே சரியில்லை, விளக்கம் கொடுங்கள்" என்று படும். இப்படிப் போடச் சொல்லுங்கள்: "ஐ ஹேவ் எ குவெஸ்ச்சன் அபவுட் யுவர் மெதட். அட் வாட் டெப்த் வேர் த சாயில் சாம்பிள்ஸ் டேக்கன்?" டவுட்ஸ் போய் குவெஸ்ச்சன், இன் போய் அபவுட், கிளியர் போயே போய்விட்டது. என்ன வேண்டும் என்பது அடுத்த வரியிலேயே இருக்கிறது.

செங்கோட்டையான்

அப்படியே மாற்றிவிட்டாள். இன்னொன்றும் கேட்கிறாள். அவர் முறையில் உண்மையாகவே அவளுக்கு உடன்பாடு இல்லாமல் போனால் அப்போது டவுட் சொல்லலாமா?

மணப்பாறை டீச்சர்

அப்போது சொல்லலாம், அதற்குத்தான் அந்தச் சொல் அங்கே இருக்கிறது. "ஐ டவுட் வெதர் டென் சாம்பிள்ஸ் ஆர் இனஃப்" என்று காரணத்தோடு எழுதட்டும். ஆய்வு உலகத்தில் அதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை, பதில்தான் வரும். வேண்டுமென்றே சொல்கிறோம் என்று தெரிந்து சொல்ல வேண்டும், அவ்வளவே.